பாதிச் சவரத்தில் எழுந்து போனவர்

விமான ஊழியர்கள் இன்னொரு சங்கத்தின் மறியலை மதித்து வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டுமா? இந்தக் கேள்வியைத் தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் கேட்டால் யாரும் யோசித்து நேரம் கழிக்க மாட்டார்கள். கடலுக்குப் போன வள்ளம் ஒன்று கரை திரும்பவில்லை என்றால் மற்ற வள்ளங்கள் தேடப் போகும், தொழிலுக்குப் போகாது. ஒரு நாள் மீன்பாடு போச்சே என்று உள்ளுக்குள் முனகுகிறவர்கள் இருப்பார்கள். ஆனாலும் அன்றைக்குத் தனியாக வலை எடுக்க மாட்டார்கள். நாளைக்கும் இதே கரையில்தான் முழிக்க வேண்டும்.

தூத்துக்குடிக்கு இது மீனவர் பழக்கம் மட்டுமில்லை. வ.உ.சி. என்றதும் எல்லோருக்கும் கப்பல் நினைவுக்கு வருகிறது; எனக்குக் கோரல் ஆலைதான் வருகிறது. 1908 பிப்ரவரி 27 அன்று அந்த நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர வேண்டும், வார விடுமுறை வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதைவிடப் பெரிய வேலை, ஆலைக்குப் போகாத குடும்பங்களில் அடுப்பு எரிய வைத்தது. வ.உ.சி. ஊரில் பணம் திரட்டினார், சிலருக்கு வேறு இடங்களில் தற்காலிக வேலை பார்த்துக் கொடுத்தார். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

அதுவரை நடந்தது ஆலைக்காரர்களின் சண்டை. நம் கேள்விக்குப் பதில் அடுத்த வாரத்தில் இருக்கிறது. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் திருநெல்வேலியில் கைதானார்கள். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்கள் மறுபடியும் வெளியே வந்தார்கள். இந்தத் தடவை சொந்தக் கூலிக்காக இல்லை. அவர்களோடு நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள், ஜட்கா வண்டிக்காரர்கள், கறிக்கடைக்காரர்கள், சவரத் தொழிலாளர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஜட்காக்காரருக்கு ஆலை ஒரு பைசா கொடுத்ததில்லை. கறிக்கடைக்காரருக்கும் ஆலைக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. திலகருக்குத் தண்டனை விதித்ததை எதிர்த்துப் பம்பாய் ஆலைகள் நின்றது அந்த ஆண்டு ஜூலையில். அதற்கு நான்கு மாதம் முந்திக்கொண்டது இந்த ஊர்.

அந்த நாட்களைப் பற்றி ஊரில் இன்னும் ஒரு கதை உண்டு. ஒரு வக்கீல் சவரம் செய்துகொண்டிருந்தார். பேச்சு வேலைநிறுத்தத்தின் பக்கம் திரும்பியது. வக்கீல் சுதேசிகளுக்கு எதிர்ப்பக்கம் என்று தெரிந்ததும் சவரத் தொழிலாளி கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டாராம். ஊரில் வேறு யாரும் மீதியை முடிக்க வரவில்லை என்றும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். எழுந்து போவதற்கு ஒரு ரோஷக்காரர் போதும். மீதி முகத்தைத் தொடாமல் இருக்க அந்தத் தொழில் செய்கிற அத்தனை பேரும் வேண்டும்.

இப்போது விமானத்துக்கு வருவோம். இங்கே வரலாறு அவ்வளவு பெருமையாக இல்லை. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டே நாளில் 11,000 பேருக்கு மேல் வேலை நீக்கம். விமானிகள் பறந்துகொண்டேதான் இருந்தார்கள். நம் நாட்டில், இரண்டு அரசு நிறுவனங்களை 2007இல் இணைத்து உருவான விமான நிறுவனத்தில் 2012ஆம் ஆண்டு 58 நாள் நடந்த வேலைநிறுத்தம் இன்னும் விசித்திரம். புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் இன்னொரு சங்கத்து விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதே சண்டையின் மூலம். ஒரு சங்கம் தரையில் நின்றது, இன்னொன்று பறந்தது.

விதிவிலக்கு லண்டன் ஹீத்ரூ. 2005 ஆகஸ்டில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று 600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஒரே அடியாக வெளியே அனுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் சவுத்தால் பகுதியின் பஞ்சாபிப் பெண்கள். மறுநாள் மூட்டை ஏற்றுகிறவர்கள் உள்ளிட்ட விமான நிறுவனத்தின் தரைப் பணியாளர்கள் வெளியே வந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்து, ஒரு லட்சம் பயணிகளுக்கு மேல் தவிப்பு. பிரிட்டன் சட்டப்படி அது சட்டவிரோத வேலைநிறுத்தம். ஆனால் அந்தச் சமையற்கூடம் 1997 வரை அதே விமான நிறுவனத்தின் சொந்தச் சமையற்கூடம்! விற்ற பிறகு, நேற்றுவரை ஒரே முதலாளியிடம் இருந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியர்கள். மூட்டை தூக்குகிறவர்களுக்கு அவர்கள் அந்நியர்கள் ஆகவில்லை. வெளியே நின்ற பெண்களில் சிலர் அவர்கள் வீட்டுப் பெண்களே.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. எந்த விமான நிலையத்தை எடுத்தாலும் விமானி ஒரு நிறுவனம், மூட்டை ஏற்றுகிறவர் ஒரு ஒப்பந்ததாரர், கழிவறை கழுவுகிறவர் இன்னொரு ஒப்பந்ததாரர், சாப்பாடு கொண்டுவருகிறவர் வேறொருவர். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம்கூட வேறு. நம்ம வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். பளபளப்பு கண்ணைப் பறிக்கிறது. அங்கே தரை துடைக்கிற அக்காவின் சம்பளம் நின்றால் எந்த விமானி கேட்கப் போகிறார்? சவரத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றைக்கும் முதலாளி வேறுதான். ஆனால் ஒரே தெருவில் இருந்தார்கள், ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்த முறை கூலியைக் குறைத்தது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் பெயர் தெரியாமல் ஆக்கியதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

டிக்கெட் வாங்கிய பயணி என்ன பாவம் செய்தார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கதி என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அது போதாதென்று சட்டமும் கதவைச் சாத்தியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி எந்த நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது. முன்பு இது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்தது. சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடிந்து ஏழு நாள் வரை நிற்கக் கூடாது. பாதிக்குப் பாதி பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம்தான். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குத் தெரிந்தே பணம் கொடுத்து உதவுவதும் குற்றம். இது பழைய சட்டத்திலும் உண்டு. வ.உ.சி. இன்றைக்கு உண்டியல் ஏந்தினால், அன்று அவர்மேல் போட்ட தேசத்துரோகப் பிரிவு தேவைப்படாது; இதுவே போதும்.

அதனால் விமானிகள் எல்லோரும் உடனே இறங்கி நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலைநிறுத்தம் செய்கிறவரின் வேலையை என் தலையில் கட்டக் கூடாது, அவருக்குப் பதிலாகக் கொண்டுவந்த ஆளோடு வேலை செய்யச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கலாம். விமானிகள் சங்கம் அடுத்த ஊதியப் பேச்சில் இதைக் கேட்டால் நிர்வாகம் காது கொடுத்தாக வேண்டும், விமானம் ஓட்ட ஒரே நாளில் ஆள் பிடிக்க முடியாது. மூட்டை ஏற்றுகிறவர்கள் கேட்க வழியில்லை; அவர்களை எந்தப் பேச்சுக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.