சேற்றுக் கிருமியும் அகர் தட்டும்

புக்கிட் மெர்தாஜாம் வாசகி ஒருவர் தம் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தார். இனிப்பு நீர் உள்ளவர். மழைக்காலத்தில் சேற்றில் இறங்கி வேலை செய்தார், மறுவாரமே கடும் காய்ச்சல். மெலியோய்டோசிஸ் என்றார்களாம். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சில மருந்துக்கு எதிரே ‘எஸ்’, சிலவற்றுக்கு ‘ஆர்’ என்று இருக்கிறதே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்கிறார்.

ரத்தத்தில் வளர்ந்த கிருமியை உப்பு நீரில் கலக்கி அகர் தட்டில் பூசுவார்கள். என் அம்மா தீபாவளிக்குக் காய்ச்சி ஊற்றிய அதே அகர் அகர்தான்; பெயரும் மலாய்ச் சொல். மேலே மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்து ஓர் இரவு சூட்டில் விட்டால், பலிக்கும் மருந்தைச் சுற்றிக் கிருமி முளைக்காத வட்டம் விழும். அந்த அகலத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால்தான் ‘எஸ்’ (பலிக்கும்) என்றோ ‘ஆர்’ (பலிக்காது) என்றோ சொல்ல முடியும். அபூர்வக் கிருமிகளுக்கு அட்டவணைதான் கிடைக்காது. 1911இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்ட மெலியோய்டோசிஸ் கிருமியும் அப்படித்தான் இருந்தது. நோய்க்குப் பெயர் சூட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். இத்தகைய அட்டவணைகளை வகுக்கும் ஐரோப்பாவின் யூகாஸ்ட் குழு இக்கிருமிக்கு வட்ட அளவுகளை வெளியிட்டது 2020இல்தான். வயலில் நிற்பவர்களின் நோய் என்பதால்தான் இத்தனை தாமதம் என்று நினைக்கிறேன்.

என்னை வியக்க வைப்பது ஜென்டாமைசின் என்ற மருந்து. உள்ளே நுழையும் அந்த மருந்தை இறைத்து வெளியேற்றும் பம்பு இக்கிருமியிடம் உண்டு. அதையே பொறியாக்கினார்கள்: ஆஷ்டவுன் எனும் அகரில் ஜென்டாமைசின் கலந்திருப்பதால் மற்றவை பெரும்பாலும் அடங்க, இது சில நாளில் ஊதா நிறத்தில் வற்றல்போல் சுருங்கிக் கிளம்பும். ஆனால் சரவாக்கில் எடுத்த கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டாமைசினுக்குப் பணிந்தன என்று 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. பம்பின் மரபணுவில் சிறு மாற்றம். அங்கே அந்தப் பொறி மட்டுமே இருந்தால், பிடிக்க வேண்டியதையே கொன்றுவிடும். தட்டு வெறுமையாகக் கிடக்கும்.

சாதாரணத் தட்டில் வளர்ந்தாலும், வெளியிலிருந்து கலந்த ஏதோ ஒன்று என்று வீசப்படுவதுண்டு. இது எனக்குப் பொறுக்கவில்லை. ‘இனிப்பு நீர், சேற்று வேலை’ என்று படிவத்தில் மருத்துவர் எழுதினால் போதும்; ஆய்வகத்தார் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத் தட்டைத் திறப்பார்கள், முகர்ந்து பார்க்கமாட்டார்கள், கூடுதல் நாள் காத்திருப்பார்கள். வெறும் ‘காய்ச்சல்’ என்று வந்தால் அவர்களுக்கு என்ன தெரியும்?

அண்ணனுக்குச் செஃப்டாசிடைம் ‘எஸ்’ என்கிறார் வாசகி. நல்ல செய்தி. 1989இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் அந்த ஊசி இறப்பைப் பாதியாகக் குறைத்தது. பிறகு வரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையின் வட்டத்தைப் படிப்பதுதான் கடினம்: தோசையின் ஓரம்போல் மங்கிக்கொண்டே போகும், எங்கே முடிகிறது என்று சட்டெனச் சொல்ல முடியாது. ஐயம் வந்தால் வேறு முறையில் மறுபடி சோதிப்பார்கள். அந்த மாத்திரையைக் குறைந்தது 3 மாதம் சாப்பிட வேண்டும்.

காய்ச்சல் விட்டுவிட்டதே, ஐந்தாம் வாரத்தில் நிறுத்தலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறார். கூடாது அம்மா. நோய் திரும்பி வரலாம்.