பெட்ரோல் முள் பொய் சொல்வது ஏன்?

பழைய கார் ஒன்றின் டாஷ்போர்டில் பெட்ரோல் மானியின் முள், தொட்டி நிறைந்திருப்பதாகக் காட்டுகிறது. பக்கத்திலுள்ள வெப்பமானியின் முள்ளோ எஞ்சின் கொதிக்கிறது என்கிறது. உண்மையில் எஞ்சின் அவ்வளவு சூடாகவில்லை. தொட்டியில் அவ்வளவு பெட்ரோலும் இல்லை. இரண்டு மானிகளும் ஒரே நேரத்தில் கெட்டுவிட்டனவா? இல்லை. ஒரே ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது!

மின்னோட்டம் பாய முழுமையான சுற்று வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். ஆனால், இத்தகைய கார்களில் பல கருவிகளுக்கு ஒரு கம்பிதான் போகிறது. மின்னோட்டம் திரும்பும் வழி எது? காரின் இரும்பு உடலே! பாட்டரியின் ஒரு முனையை உடலோடு இணைத்துவிடுகிறார்கள். இதற்கு 'எர்த்' என்று பெயர். பெயர்தான் அப்படி, ரப்பர் டயர்களின்மேல் நிற்கும் காரின் இந்தச் சுற்றுக்குப் பூமி தேவையில்லை.

இனி மானிகளைப் பார்ப்போம். 1960களில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இவ்விரு மானிகளும் ஈருலோகப் பட்டையால் இயங்கின. பட்டையைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும், பட்டை சூடாகி வளையும், முள் நகரும். ஆனால், ஓடும் காரில் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கும் 14 வோல்ட்டுக்கும் இடையே மாறுகிறது. முள்ளும் அதனோடு அலையும் அல்லவா? அதைத் தடுக்க ஒரு சிறிய நிலைப்படுத்தியை வைத்தார்கள். அதனுள்ளும் ஓர் ஈருலோகப் பட்டை! அதன் சுருள் சூடானதும் பட்டை வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் சேர்க்கும். மின்னோட்டம் இவ்வாறு விட்டுவிட்டுப் பாய்வதால், மானிகளுக்குச் சராசரியாக 10 வோல்ட் கிடைக்கும்.

அந்தச் சுருளின் மறுமுனை, நிலைப்படுத்தியின் உலோகக் கூட்டின் வழியாகக் காரின் உடலைச் சேர்கிறது. கூட்டைப் பிடித்திருக்கும் திருகில் துரு ஏறி இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும்? சுருளில் மின்னோட்டம் பாயாது, பட்டை சூடாகாது, தொடர்பு துண்டிக்கப்படவே மாட்டாது. மானிகளுக்கு முழு 12 அல்லது 14 வோல்ட்டும் போய்ச் சேரும். எர்த் விட்டுப்போனால் முள் கீழே விழும் என்றுதான் நினைப்போம். இங்கே இரண்டு முட்களும் மேலே ஏறுகின்றன!

இணைப்பு முழுதும் விடவேண்டும் என்பதுமில்லை. டாஷ்போர்டில் 2.2 வாட் பல்புகள் ஐந்து, ஒரே எர்த் இணைப்பின் வழியே எரிவதாகக் கொள்வோம். துருவின் மின்தடை 2 ஓம் என்றால், சுமார் 0.8 ஆம்பியர் பாயும். ஓம் விதிப்படி 0.8 × 2 = 1.6 வோல்ட் துருவிலேயே வீணாகும். பல்புகள் மங்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. விளக்குகளை எரியவிட்டு, வோல்ட்மானியின் ஒரு முனையை மானியின் கூட்டிலும், மறுமுனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். ஏறக்குறைய 0 காட்டவேண்டும். அதிகமானால், துருவைச் சுரண்டித் திருகை இறுக்கவேண்டும். மரத்தாலான டாஷ்போர்டில் மரம் மின்சாரத்தைக் கடத்தாது; அங்கே எர்த்துக்குத் தனிக் கம்பியே வேண்டும்.

பொய் சொல்லும் பெட்ரோல் முள்ளை நம்பியவர் நடுவழியில் நிற்பார். வெப்ப முள் எப்போதும் பொய்தான் சொல்கிறது என்று பழகிவிட்டவரோ, எஞ்சின் உண்மையாகவே கொதிக்கும் நாளிலும் அதைப் பொருட்படுத்த மாட்டார். ஒரு திருகின் துருவுக்கு அது மிகப் பெரிய விலை!