பல் சிகிச்சைக்கு உதவித் தொகை: படிவம் நிரப்புவோர் அறிய வேண்டியவை

பல் போனால் சொல் போச்சு என்பர் நம் முன்னோர். பல் போவதற்கு முன்பே அதைக் காக்கும் செலவை எண்ணி அஞ்சுவோர் இன்று நம் பேட்டைகளில் பலர் உளர். பஃபலோ சாலை அடுக்குமாடி வீடொன்றில் வாழும் அறுபத்து மூன்று வயது அம்மையார் ஒருவர், கடைவாய்ப் பல்லின் வலியைக் கிராம்புத் தைலத்தைக் கொண்டே இரண்டு மாதங்கள் அடக்கி வந்தார். உதவித் திட்டத்திற்கு அவர் மகன் விண்ணப்பிக்காமல் இல்லை. அம்மையாரின் அடையாள அட்டையில் தோ பாயோவிலுள்ள மகள் வீட்டு முகவரியே இருந்தது. அதனால் மகன் குடும்பத்தின் கணக்கில் அவர் சேரவில்லை.

இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். சமூகச் சுகாதார உதவித் திட்டம், அதாவது மக்கள் 'சாஸ்' என்று வழங்கும் திட்டம், 2012-இல் அப்பெயர் பெற்றது. 2019 நவம்பர் முதல் சிங்கப்பூர்க் குடிமக்கள் அனைவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தரவாசிகளுக்கு அது இல்லை. குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்துத் தலைக்கு எவ்வளவு என்று காண்பர். 2022 அக்டோபர் முதல் நடப்புக்கு வந்த வரையறைப்படி, 1,500 வெள்ளி வரை நீல அட்டை. அதற்கு மேல் 2,300 வெள்ளி வரை ஆரஞ்சு அட்டை. அதற்கும் மேற்பட்டோருக்குப் பச்சை அட்டை. இவ்வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் கேட்டறிந்துகொள்வது நன்று.

மகனின் ஊதியம் 3,600, மருமகளின் ஊதியம் 2,800, ஆக 6,400 வெள்ளி எனக் கொள்வோம். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். நால்வர் என்று வகுத்தால் தலைக்கு 1,600, ஆரஞ்சு அட்டை. பாட்டியாரையும் சேர்த்து ஐவர் என்று வகுத்தால் 1,280; நீல அட்டை. ஊதியமில்லாத முதியவரும் கைக்குழந்தையும் இக்கணக்கில் ஒவ்வொருவர் ஆவர். வாடகைக்கு இருப்பவரும் பணிப்பெண்ணும் ஆகார். வீடு மாறியவர் 28 நாள்களுக்குள் முகவரியை மாற்றிப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யாது விட்டால் இழப்பு எங்கே வந்து சேரும் என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும்.

வருமானம் எழுதுமிடத்தில் கைக்கு வரும் தொகையை எழுதுவது மற்றொரு பிழை. மத்திய சேம நிதிக் கழிவுக்கு முற்பட்ட முழுத் தொகையையே எழுத வேண்டும். மிகைநேர ஊதியமும் அதில் அடங்கும்.

1949-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கும், 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கும் குடும்ப வருமானம் பார்க்கப்படுவதில்லை. ஆயினும் அவர்கள் குடியுரிமை பெற்ற ஆண்டுக்கும் வரம்பு உண்டு: முன்னவருக்கு 1986, பின்னவருக்கு 1996.

அட்டை வந்த பின் பல் மருத்துவரிடம் நாம் நிரப்ப வேண்டிய கோரிக்கைப் படிவம் பெரும்பாலும் இராது. மருந்தகமே மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை நம்மிடம் பெறும். ஆகவே அட்டையை முதலிலேயே காட்டுக. முழுத் தொகையையும் செலுத்திவிட்டுப் பிறகு பற்றுச்சீட்டுடன் அலைவதில் பயனில்லை. மானியம் அட்டையின் நிறத்துக்கும் சிகிச்சைக்கும் ஏற்ப மாறுபடுவதால், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே தொகையைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

வேலையிடத்துக் காப்புறுதி இருப்போரின் நிலை வேறு. அங்கே முதலில் பணம் கட்டிப் பின்னர்ப் படிவம் அனுப்புவதே பெரும்பாலும் வழக்கம். "பல் சிகிச்சை, 320 வெள்ளி" என்ற ஒற்றை வரிச் சீட்டு போதாது. எந்தப் பல், என்ன சிகிச்சை, எந்த நாள், எவ்வளவு என்று தனித்தனியே குறித்த சீட்டைக் கேட்டுப் பெறுக. அதில் 38, 46 போன்ற எண்களைக் கண்டு, இருப்பதே முப்பத்திரண்டு பற்கள்தாமே என்று மயங்க வேண்டா. முதல் இலக்கம் வாயின் கால்பகுதியைக் குறிக்கும்: மேல் வலம் 1, மேல் இடம் 2, கீழ் இடம் 3, கீழ் வலம் 4. இரண்டாம் இலக்கம் நடுவிலிருந்து எண்ணும் வரிசை. எனவே 38 என்பது கீழ் இடப்புற ஞானப் பல். படிவத்திலும் சீட்டிலும் இவ்வெண் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

1984-இல் தொடங்கிய மெடிசேவ் சேமிப்பை, புதைந்த ஞானப் பல்லை எடுப்பது போன்ற அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம். வழக்கமாகப் பல்லைச் சுத்தம் செய்வதற்கோ அழகுக்காக வரிசை திருத்துவதற்கோ தொட இயலாது. பிள்ளைகளின் சேமிப்பிலிருந்து பெற்றோருக்கும் செலவிடலாம். ஆனால் கணக்குக்கு உரியவர் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டும்.

வெற்றுப் படிவத்தில் மட்டும் எவர் கேட்டாலும் கையொப்பம் இடாதீர்கள். விதிக்கு மாறான கோரிக்கைகளுக்காகச் சில பல் மருந்தகங்கள் 2018-இல் சாஸ் திட்டத்திலிருந்து இடைநிறுத்தப்பட்டதை வாசகர்கள் நினைவுகூரலாம். செய்யாத சிகிச்சைக்கு உங்கள் பெயரில் கணக்கு எழுதப்பட்டால், உண்மையில் தேவைப்படும் நாளில் உங்களுக்குரிய ஆண்டு வரம்பு குறைந்திருக்கும்.

அம்மையாரின் முகவரி மாற்றப்பட்டுவிட்டது. புதிய விண்ணப்பத்தைச் சமூக மன்றத்தில் பெற்று, பத்தாம் வகுப்பு எட்டாத பேத்தியே நிரப்பினாள். பாட்டியார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிட்டார்.