எழுத்துக்கு இடம் விடுங்கள்

வரைகலை வடிவமைப்பைப் புதிதாகப் பழகுவோர் வண்ணங்களில் தொடங்க விரும்புவர். ஆனால் முதலில் பழக வேண்டியது எழுத்தை.

சிராங்கூன் சாலையில் ஒட்டுவதற்குத் தீபாவளிக் கலைநிகழ்ச்சி ஒன்றின் சுவரொட்டியைத் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். நடந்து போகிறவர் முதலில் அறிய வேண்டியது நிகழ்ச்சியின் பெயர். அதைப் பெரிதாக எழுதுங்கள். நாளும் இடமும் அடுத்த அளவில் வரட்டும். மற்ற விவரங்கள் சிறியதாக இருக்கலாம். வரிகளெல்லாம் ஒரே ஓரத்தில் தொடங்கினால் கண் தடுமாறாது.

சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் நான்கு. சீனத்தில் இரண்டே எழுத்தில் அடங்குவதைத் தமிழில் ‘வெளியேறும் வழி’ என்று எழுத ஏழு எழுத்துகள் வேண்டும். நம் எழுத்துகளின் விசிறியும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையிலும் இடம் தேவை. பிறமொழிக்கு அளந்த கட்டத்தில் தமிழைத் திணித்தால், எழுத்து சிறுத்து முதியோர் கண்ணுக்கு எட்டாமல் போகும்.

மற்றொன்றும் உண்டு. கணினியில் ‘கை’ என்பது ககரம் முன்னும் ஐகாரக் குறி பின்னுமாகப் பதிவாகிறது. குறியை முன்னே காட்டுவது மென்பொருளின் வேலை. அவ்வசதி இல்லாவிட்டால் குறி பின்னேயே நின்றுவிடும். 2017ஆம் ஆண்டுத் தேசிய தின அணிவகுப்புக்கான துண்டுப் பிரசுரத்தில் தமிழ் எழுத்துகள் சிதைந்து அச்சேறின. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டனர்.

எனவே அச்சகத்துக்கு அனுப்புமுன், தமிழறிந்த ஒருவரைக் கடைசிப் படியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைதான். அதைத் தவறவிட்டால் ஆயிரம் படிகளும் வீண்.