தள்ளுபடி பேஸ்ட்டின் பின்பக்கம்

கோவையில் டவுன்ஹால் பக்கம் போனாலும் சரி, காந்திபுரம் போனாலும் சரி, மருந்துக் கடை வாசலில் தள்ளுபடிப் பலகை கண்ணில் படாமல் வர முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் குழந்தைகளுக்கான பேஸ்ட் அடுக்கில் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று ஒட்டியிருப்பார்கள். கூடவே ஒரு பொம்மை பிரஷ். "ஏனுங்க அக்கா, மூணா எடுத்துக்குங்க, நாளைக்கு வந்தா இந்த வெலைக்குக் கெடைக்காதுங்க" என்பார் கடைத் தம்பி. அம்மா விலையைப் பார்ப்பார், பிள்ளை அட்டையில் இருக்கும் கரடியைப் பார்க்கும். அட்டையின் பின்பக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டிய விவரமெல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கிறது.

பேஸ்ட்டில் என்னென்ன இருக்கும்? தேய்ப்பதற்கு ஒரு மெல்லிய தூள், நுரைக்க ஒரு பொருள், காய்ந்து போகாமலிருக்க சார்பிட்டாலோ கிளிசரினோ, பிறகு இனிப்பு, வாசனை, நிறம். அழுக்கை எடுக்க இவையே போதும். வேப்பங்குச்சியும் பல்பொடியும் அந்த வேலையை நன்றாகவே செய்தன. சொத்தையைத் தடுக்கும் சரக்கு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இந்தக் கலவையில் ஒன்றுதான்: ஃபுளோரைடு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் ஃபுளோரைடு பேஸ்ட்டையும் சேர்த்தது. ஆகவே குழந்தைக்கு பேஸ்ட் வாங்கும்போது சோப்பு, ஷாம்பு வாங்கும் கண்ணோடு பார்க்காமல் மருந்து வாங்கும் கண்ணோடு பார்ப்பது நல்லது.

பல்லின் மேலோடான எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்களால் ஆனது. பிள்ளை ஒரு கடலை மிட்டாயோ க்ரீம் பிஸ்கட்டோ தின்றதும், பல்லின் மேல் ஆடையாகப் படிந்திருக்கும் பாக்டீரியா அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொண்டு அமிலத்தை விடுகிறது. அங்கே பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் எச்சில் ஊறி அமிலத்தைத் தணிக்க, கரைந்ததில் ஒரு பங்கு திரும்பிப் படியும். மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டைப் போல இது தினமும் பல முறை நடக்கும் கணக்கு. பற்று கூடிக்கொண்டே போனால் முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு பழுப்பு, கடைசியில் குழி. இரவில் சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் பிள்ளைகளுக்கு மேல்வரிசை முன்பற்கள் சீக்கிரம் கரைவது இதனால்தான். தூக்கத்தில் எச்சில் குறைவாகவே ஊறும்.

எச்சிலில் சிறிதளவு ஃபுளோரைடு இருந்தாலே வரவு வேகம் பிடிக்கும். அப்படித் திரும்பிப் படியும் படிகத்தில் ஃபுளோரைடும் சேர்ந்துகொள்வதால் அது முன்னைவிட அமிலத்தைத் தாங்கும்; பிஎச் ஏறக்குறைய 4.5-க்கு இறங்கும்வரை கரையாது. இங்கே கவனிக்க வேண்டியது, இதெல்லாம் பல்லின் மேற்பரப்பில் நடக்கிறது என்பதை. பேஸ்ட்டை விழுங்குவதால் சொத்தையைத் தடுப்பதில் சொல்லிக்கொள்ளும்படி பயன் ஏதுமில்லை. விழுங்குவதால் வரும் கேடு என்ன என்பதைத் தருமபுரிக்காரர்களைக் கேட்டால் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அட்டையைத் திருப்புங்கள். இந்திய விதிப்படி பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கை) தாண்டக் கூடாது. எத்தனை பிபிஎம் என்பதை ட்யூபிலும் அட்டையிலும் அச்சிட வேண்டும். காலாவதித் தேதியும் வேண்டும். சில அட்டைகளில் பிபிஎம் அளவு கண்ணில் படாது, வேதிப்பெயரும் சதவீதமும் மட்டும் தெரியும். சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் 0.76 சதவீதம் என்றால் அது சுமார் 1000 பிபிஎம். சோடியம் ஃபுளோரைடு 0.22 சதவீதம் என்றாலும் அதே 1000. இந்த எண்கள் பாதியாக இருந்தால் 500. குழந்தைகளுக்கென்று விற்கும் பேஸ்ட்டுகளில் 500-ஐ ஒட்டியவையும் உண்டு, ஃபுளோரைடே இல்லாதவையும் உண்டு. எல்லாவற்றிலும் அதே ஸ்ட்ராபெரி வாசனை, அதே கரடிப் படம்.

எண் ஏன் முக்கியம்? காக்ரேன் அமைப்பு 2003-ல் எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஃபுளோரைடு பேஸ்ட்டால் துலக்கும் பிள்ளைகளுக்குச் சொத்தை சுமார் 24 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. 1000 பிபிஎம்முக்கும் அதற்கு மேலும் இந்தப் பலன் உறுதியாகத் தெரிகிறது. 500 பக்கம் வரும்போது சான்று மெலிந்துவிடுகிறது. ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும், சொத்தையைத் தடுப்பதற்கு அது மலிவான சரக்கு ஆகாது.

ட்யூபின் அடிமடிப்பில் பச்சை, நீலம், கறுப்பு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்குமல்லவா, பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் முழுக்க ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது பொய். ட்யூபை எந்த இடத்தில் வெட்டி மடிக்க வேண்டும் என்று இயந்திரத்தின் ஒளிக்கண்ணுக்குக் காட்டும் அடையாளம் அது. அந்த மடிப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது அதன் அருகே அழுந்தப் பதித்திருக்கும் தேதியை.

தேதியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலை குறைந்த வெள்ளை பேஸ்ட்டுகளில் தேய்ப்புத் தூளாகப் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புத் தூள், சேர்ப்பார்கள். சோடியம் ஃபுளோரைடை இதோடு கலந்தால் கால்சியம் அதை உடனே பிடித்துக்கொண்டு கரையாத கால்சியம் ஃபுளோரைடாக மாற்றிவிடும். அதனால்தான் சுண்ணாம்பு பேஸ்ட்டில் மோனோஃபுளோரோபாஸ்பேட் போடுகிறார்கள். அதில் ஃபுளோரின் பாஸ்பேட்டோடு கட்டுண்டு இருப்பதால் கால்சியத்திடம் எளிதில் சிக்காது. ஆனால் அந்தக் கட்டும் மெல்ல மெல்ல அவிழ்கிறது. மாதங்கள் போகப் போக, சூடு ஏற ஏற, அவிழ்ந்த ஃபுளோரைடைக் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. அட்டையில் 1000 என்றே இருக்கும். ட்யூபுக்குள் மொத்த ஃபுளோரைடும் அப்படியே இருக்கும். பல்லில் வேலை செய்யக்கூடிய பங்கு மட்டும் குறைந்திருக்கும். சிலிக்கா தூள் போட்ட ஜெல் வகைகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

காலாவதி நெருங்கிய சரக்கைத்தான் கடைகள் அடிக்கடி தள்ளுபடியில் தள்ளுகின்றன. கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, தகரக் கூரைக் கிடங்கில் கிடந்த பெட்டி என்ன சூட்டைப் பார்த்திருக்கும் என்று யோசியுங்கள். சந்தையில் தார்ப்பாய் விரித்து வெயிலில் குவித்து விற்கும் பேஸ்ட்டும் அப்படித்தான். ஆகவே என் கணக்கு இது: உட்பொருள் பட்டியலில் சிலிக்கா என்று இருந்தால், காலாவதிக்கு ஐந்தாறு மாதம் இருக்கும் தள்ளுபடி ட்யூபைத் தயங்காமல் வாங்கலாம். கால்சியம் கார்பனேட் என்று இருந்தால், தள்ளுபடி எவ்வளவு ஆனாலும் தயாரித்து ஓராண்டு தாண்டாததாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது அளவு. விளம்பரங்களில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுகிறார்கள். பல் மருத்துவர்கள் சொல்வதோ, மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. எடையில் முன்னது சுமார் 0.1 கிராம், பின்னது சுமார் 0.25 கிராம். காலை, இரவு இரண்டு வேளை துலக்கினால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 0.2 கிராம். 50 கிராம் ட்யூப் 250 நாள் வரும். 'இரண்டு வாங்கினால் ஒன்று' என்று மூன்று ட்யூபைத் தூக்கி வந்தால் 750 நாள், அதாவது இரண்டு வருடத்துக்கு மேல். அதற்குள் பிள்ளைக்கு ருசி மாறிவிடும், மூன்றாவது ட்யூப் காலாவதியையும் தொட்டிருக்கும். சீக்கிரம் தீர்ந்துபோனால், பிள்ளைக்குத் தேவைக்கு மேல் பிதுக்குகிறோம் என்று பொருள்.

மூன்று வயதைத் தாண்டி, துப்பக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் 1000 பிபிஎம் பேஸ்ட்டையே பட்டாணி அளவு கொடுக்கலாம். இந்தியாவில் பெரியவர் பேஸ்ட்டுக்கும் உச்சவரம்பு அதே 1000தான். காரம் உறைக்காத, பல்லை வெளுக்க வைக்கும் சரக்கு சேராத சாதாரண வகையாக இருந்தால் சரி. எந்தத் தள்ளுபடியையும்விட இது பெரிய மிச்சம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் பேஸ்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வரியில்லாமல் 100 ரூபாய் பெறும் பேஸ்ட் முன்பு 118, இப்போது 105. பழைய எம்.ஆர்.பி.யில் இது 11 சதவீதக் குறைவு. பழைய விலை அச்சிட்ட அட்டையைக் காட்டி '11 சதவீதம் தள்ளுபடி' என்று ஒருவர் சொன்னால், அவர் கையிலிருந்து எதையும் தரவில்லை. கிராமுக்கு எவ்வளவு என்பதும் இப்போது பொட்டலத்திலேயே அச்சாகிறது. இரண்டு பேஸ்ட்டை ஒப்பிட அந்த ஒரு எண் போதும்.

இனி தண்ணீருக்கு வருவோம். மற்ற ஊர்களில் பேஸ்ட்டோடு முடிந்துவிடும் இந்தப் பேச்சு, கொங்கு நாட்டில் தண்ணீரைப் பேசாமல் முடியாது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901-ல் போன பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், ஊர்ப் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் பின்னால் கண்டுகொண்டார். காரணம் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு என்று 1931-ல்தான் தெரிந்தது. நம் பக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் எலும்பு முடங்கிப்போன மக்களைப் பற்றி ஷார்ட் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1937-ல் எழுதினார்கள். பேஸ்ட்டில் காக்கும் அதே பொருள், குடிநீரில் அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது; இந்தக் கேட்டைத்தான் ஃபுளோரோசிஸ் என்கிறார்கள்.

நம் காலடியில் இருப்பது பழைய நைஸ், சார்னகைட் பாறை. அதிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் கனிமங்களில் ஃபுளோரைடு அடங்கியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் மழையும் குறைவு. ஆழ்துளைக் கிணறு கீழே போகப் போக, பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீர்தான் கிடைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு மாவட்டங்களின் பல இடங்களிலும், திருப்பூர், கோவை மாவட்டங்களின் சில இடங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது. 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரே குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனதன் காரணம் தாகம் மட்டும் இல்லை என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

நிலைத்த பற்களின் எனாமல் தாடைக்குள் உருவாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள். அந்தக் காலத்தில் உள்ளே போகும் ஃபுளோரைடு அதிகமானால் பல் முளைக்கும்போதே வெள்ளைக் கோடும் பழுப்புத் திட்டுமாக வரும். தேய்த்தால் போகாது. அதனால் கோவை நகரத்தில் சிறுவாணி, பில்லூர்த் தண்ணீர் குடிக்கும் பிள்ளையும், ஆயிரம் அடி போர்வெல் தண்ணீர் குடிக்கும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே பேஸ்ட்டை ஒரே மாதிரி பயன்படுத்த முடியாது. ஆற்று நீரிலும் மழை நீரிலும் ஃபுளோரைடு மிகக் குறைவு, ஆர்.ஓ. இயந்திரமும் அதைப் பெருமளவு எடுத்துவிடும். இந்த வீடுகளில் 1000 பிபிஎம் பேஸ்ட் தாராளமாகக் கொடுக்கலாம், அளவு மட்டும் அரிசி, பட்டாணி. போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். போகாது. தண்ணீர் ஆவியாகி, மிஞ்சியதில் செறிவு கூடத்தான் செய்யும். தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் போட்ட டஸ்ட் டீயைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

துலக்கும்போது ஏழெட்டு வயதுவரை அம்மாவோ அப்பாவோ அம்மிச்சியோ பக்கத்தில் நின்று, பிதுக்குவதைத் தாங்களே செய்ய வேண்டும். நுரையைத் துப்பச் சொல்லுங்கள். சொம்பு சொம்பாகக் கொப்பளிக்க வைத்தால் பல்லில் நிற்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். ட்யூபை எட்டாத உயரத்தில் வையுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளே போனால் ஆபத்து. 1000 பிபிஎம் கொண்ட 50 கிராம் ட்யூபில் இருப்பது 50 மில்லிகிராம், பத்து கிலோ குழந்தைக்கு அதுவே எல்லை. இனிக்கிறதே என்று ட்யூபைப் பிழிந்து தின்றுவிட்டால் பால் கொடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீடாக இருந்தால் ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, ஃபுளோரைடு அளவைச் சோதித்துச் சீட்டு வாங்குங்கள். 1.5-க்கு மேல் இருந்தால் முதலில் குடிக்கும் தண்ணீரையும் சமைக்கும் தண்ணீரையும் மாற்ற வழி தேடுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எந்த பேஸ்ட் என்பதை அந்தச் சீட்டைக் காட்டிப் பல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அதன்பிறகு தள்ளுபடி தேடிப் போங்கள்.