சிங்கத்தின் கொடியில் திப்புவின் சொல்

கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தின் முன்பக்கத்தில் ஒரு சிங்கம் புலியைக் கீழே தள்ளி அமுக்கிக்கொண்டிருக்கிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்பு சுல்தான். அடியில் கோட்டை விழுந்த நாள், 1799 மே 4. மேலே பறக்கும் கொடியில் இருப்பதோ அரபு வாசகம்: ‘அசதுல்லா அல் காலிப்’, வெற்றிகொள்ளும் இறைவனின் சிங்கம். பின்பக்கத்தில் இடிந்த மதில் வழியே படை ஏறும் காட்சி. அதன் கீழே பாரசீக எழுத்தும் ஹிஜ்ரி ஆண்டும். லண்டனில் பெருமை பேச மட்டும் அடித்ததென்றால் இந்த எழுத்துகளுக்கு என்ன வேலை? இந்தியர் கையில் புழங்கி, இந்தியருக்கே சேதி சொல்லத்தான் இந்தப் பதக்கம் என்பது என் முடிவு.

அந்த வாசகம் நபிகளின் மருமகன் அலீயின் பட்டப்பெயர், இஸ்லாமிய உலகுக்கே பொது என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் திப்புவின் கைவினைஞர்கள் இதே எழுத்துகளைப் புலிமுகமாக வளைத்து அவருடைய ஆயுதங்களில் பொறித்திருக்கிறார்கள். அவற்றைக் கொள்ளையடித்தவர்கள் அடித்த பதக்கத்தில் அதே சொல் தற்செயலாக வந்து உட்கார்ந்தது என்று நம்ப முடியவில்லை. தோற்றவனின் சொல்லைப் பிடுங்கி வென்றவன் கொடியில் ஏற்றியிருக்கிறார்கள். சிப்பாய்களில் எத்தனை பேருக்கு அரபு படிக்கத் தெரியும் என்ற கேள்வியும் நியாயமானதே. பதக்கம் வாங்கியவன் பெட்டியோடு கிடப்பதில்லை. ஊருக்குப் போகும், பாரசீகம் படித்த எழுத்தர்களான முன்ஷிகள் கையில் ஏறும். கம்பெனியோடு சேர்ந்து போரிட்ட ஐதராபாத் நிஜாமின் அரசவை மொழியே பாரசீகம்.

பதக்கத்தின் அச்சை வெட்டியவர் கூக்லர். அடித்தது பர்மிங்காம் பக்கத்திலிருந்த போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலை. உருவத்தை எஃகில் குழிவாக, இடவலம் மாற்றிச் செதுக்கி, அந்த எஃகை இறுக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லையை வைத்து அழுத்தினால் உருவம் புடைத்து எழும். விட்டம் சுமார் 48 மில்லிமீட்டர். ஒரே படம்தான், உலோகம் மட்டும் பதவிக்கேற்ப மாறியது. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, வெண்கலம், கடைசியில் சிப்பாய்க்கு வெள்ளீயம். வெள்ளைக்காரச் சாதாரண வீரனுக்கும் வெள்ளீயம்தானே என்பார்கள். ஆம், ஆனால் சிப்பாய் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சுபேதாருக்கு மேல் ஏற முடியாது. தங்கத்துக்குப் போகும் படி அவனுக்குக் கட்டப்படவே இல்லை. கோட்டைத் தாக்குதலை நடத்திய டேவிட் பெயர்டு 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பிடிபட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றாண்டுக்கு மேல் சிறையிருந்தவர். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் முற்றுகையிட்ட படையில் பெரும்பாலோர் இந்தியர்கள், சென்னைப் படையின் சிப்பாய்கள் உட்பட. அவர்களுக்குக் கிடைத்த வெள்ளீயம் மிக மென்மையானது, கைபடக் கைபட உருவம் தேயும். மாட்டிக்கொள்ள வளையம்கூட வைத்துத் தரவில்லை; அணிய விரும்பியவர்கள் தாங்களே பொருத்திக்கொண்டார்கள். விளிம்பில் பெற்றவனின் பெயர் பொறிக்கப்படவும் இல்லை.