பூட்டு மட்டும் போதுமா? காவலும் வேண்டும்!

இரவு பன்னிரண்டு மணி. அலுவலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டிற்குப் போய்விட்டார்கள். ஆனால் அங்குள்ள சர்வர் மட்டும் தூங்கவில்லை. எங்கோ ஒரு நாட்டிலிருந்து அதன் கதவைத் தட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. பயனர் பெயர் 'ரூட்', மறைச்சொல் '123456'. திறக்கவில்லையா? அடுத்த சொல். அதுவும் இல்லையா? இன்னொன்று. தட்டுவது மனிதர் அல்லர், களைப்பே அறியாத ஒரு கணினி நிரல்.

இணையத்துடன் இணைக்கப்பட்ட எந்த சர்வருக்கும் இதுதான் நிலை. "நம்முடையது சிறிய கடை, நம்மை யார் தேடி வரப் போகிறார்கள்?" என்று பலரும் நினைப்பதுண்டு. ஆனால் அந்த நிரல் ஆள் பார்த்து வருவதில்லை. முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது, திறந்த கதவினுள் நுழைகிறது. அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளைக் கொண்டு 208 பில்லியனுக்கும் அதிகமான மறைச்சொற்களை உருவாக்கலாம். வினாடிக்குப் பத்து என்று முயன்றால் எல்லாவற்றையும் சோதிக்க 660 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். அப்படியென்றால் பயமில்லை என்று நினைக்கத் தோன்றும். தவறு அங்கேதான் இருக்கிறது.

ஊடுருவ நினைப்பவர்கள் எல்லாச் சொற்களையும் முயல்வதில்லை. மக்கள் அதிகம் பயன்படுத்தும் மறைச்சொற்களும், ஏற்கெனவே பிற இணையத்தளங்களிலிருந்து திருடப்பட்டவையும் பட்டியலாக அவர்கள் கையில் உள்ளன. அப்பட்டியலில் 10,000 சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் 17 நிமிடத்திற்குள் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடலாம். ஆக, மறைச்சொல் எவ்வளவு நீளம் என்பதோடு, அது பிறர் ஊகிக்கக்கூடியதா என்பதும் முக்கியம்.

தடுப்பது எப்படி?

முதல் வழி, தவறான முயற்சிகளுக்கு எல்லை வகுப்பது. லினக்ஸ் சர்வர்களில் 'ஃபெயில்2பேன்' என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. உள்நுழைவுப் பதிவேட்டை அது கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரே முகவரியிலிருந்து ஐந்து முறை தவறு நேர்ந்தால், அந்த முகவரியைப் பத்து நிமிடத்திற்குத் தடுத்துவிடும். இப்போது மேலே சொன்ன 10,000 சொற்களை முயல ஏறத்தாழ 14 நாள் ஆகும். ஆயினும் தாக்குபவரிடம் நூற்றுக்கணக்கான முகவரிகள் இருந்தால் இந்தத் தடை மட்டும் போதாது.

அதனால் இரண்டாவது வழி தேவைப்படுகிறது. தொலைவிலிருந்து சர்வரை நிர்வகிக்க உதவும் எஸ்எஸ்எச் முறையில் மறைச்சொல்லையே நிறுத்திவிட்டு, மின்னிலக்கச் சாவியைப் பயன்படுத்தலாம். சாவியின் ஒரு பாதி நிர்வாகியின் கணினியில் இருக்கும், மறு பாதி சர்வரில் இருக்கும். இதை ஊகித்துக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாத காரியம். 'ரூட்' கணக்கு நேரடியாக நுழைவதையும் தடை செய்ய வேண்டும். எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் 22ஆம் எண் வாயிலை வேறு எண்ணுக்கு மாற்றினால் தட்டல்கள் குறையும். ஆனால் அது பலகையைக் கழற்றி வைப்பது போன்றதுதான். கதவு இருந்த இடத்திலேயே இருக்கிறது!

மூன்றாவது, ஈரடுக்குச் சரிபார்ப்பு. சிங்கப்பூரில் 1,560 சிங்பாஸ் கணக்குகளில் அனுமதியின்றிப் பிறர் நுழைந்திருக்கலாம் என்பது 2014 ஜூன் மாதம் தெரியவந்தது. மறு ஆண்டு ஜூலையில் சிங்பாஸுக்கு ஈரடுக்குச் சரிபார்ப்பு அறிமுகமானது. மறைச்சொல் களவு போனாலும் இரண்டாம் அடுக்கு தடுத்து நிறுத்தும்.

சிங்ஹெல்த் தந்த பாடம்

இவையெல்லாம் ஏன் முக்கியம் என்பதற்கு 2018இல் சிங்ஹெல்த்தில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் போதும். ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவை களவாடப்பட்டன. அவர்களில் சுமார் 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர்.

அது வெறும் மறைச்சொல் ஊகத்தால் நடந்த தாக்குதல் அன்று. ஊடுருவியவர்கள் திறமைசாலிகள். 2017 ஆகஸ்ட்டிலேயே ஒரு கணினியில் புகுந்து பல மாதம் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கை காட்டிய ஓட்டைகள் பழக்கமானவை. அவர்கள் பயன்படுத்திய நிர்வாகிக் கணக்கு ஒன்றின் மறைச்சொல், 'பாஸ்வர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லேதான். ஓரெழுத்துக்குப் பதில் ஒரு குறி, இன்னோர் எழுத்துக்குப் பதில் பூஜ்யம். அவ்வளவே வேறுபாடு!

அதைவிட வேதனையானது வேறொன்று. ஜூன் 11 முதலே தரவுத்தளத்தில் நுழைய நடந்த முயற்சிகள் தோல்வியடைந்து பதிவாகியிருந்தன. ஊழியர் சிலர் அவற்றைக் கண்டும் இருந்தனர். ஆனால் அது தாக்குதல் என உணர்ந்து உரிய நேரத்தில் மேலிடத்திற்குத் தெரிவிக்கப்படவில்லை. ஜூன் 27 முதல் விவரங்கள் வெளியேறின. ஜூலை 4ஆம் தேதி வழக்கத்திற்கு மாறான நடவடிக்கையை ஓர் ஊழியர் கவனித்ததால்தான் களவு நின்றது. 2019 ஜனவரியில் கணினிப் பணிகளைக் கவனித்த நிறுவனத்திற்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்திற்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்தைக் கட்டிவிடலாம். வெளியே போன அடையாள அட்டை எண்ணைத் திரும்பப் பெற முடியுமா?

இன்றே செய்ய வேண்டியது

சிறு நிறுவனம் நடத்துவோர் தங்கள் கணினிப் பணியாளரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். வேலையை விட்டுச் சென்றவர்களின் கணக்குகள் மூடப்பட்டனவா? நிர்வாகிகளுக்கு ஈரடுக்குச் சரிபார்ப்பு உண்டா? மென்பொருள்கள் புதுப்பிக்கப்படுகின்றனவா? தோல்வியுற்ற உள்நுழைவுகளை யார் பார்க்கிறார்கள், பார்த்தபின் யாரிடம் சொல்வார்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வெறும் பூட்டுகளே. கதவு தட்டப்படும்போது எழுந்து பார்க்க ஒருவர் வேண்டும். சந்தேகம் வந்தால் தயங்காமல் குரல் கொடுக்கும் துணிவும் அவருக்கு வேண்டும். அந்தத் துணிவைக் கொடுப்பது முதலாளியின் கடமை.